வீடு ஓர் அசையும் சொத்து

பழைய வீட்டை இடிப்பவர்கள் சொல்கிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "மரம் போயிடுச்சு." தூண் உளுத்துவிட்டது, உத்திரம் இறங்கிவிட்டது, கறையான் ஏறிவிட்டது, இனிமேல் என்ன செய்ய? இதைச் சொல்லிச் சொல்லியே நம் புதுச்சேரியில் தெருத் தெருவாகத் தாழ்வாரமும் திண்ணையும் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

என் கட்சி இதற்கு நேர் எதிர். மரம் போனது என்பது வீட்டை இடிப்பதற்கான காரணமே அல்ல. கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இடையில் புதிதைப் பொருத்த மரத்தைவிட வசதியான பொருள் கிடையாது. மரம் போட்ட வீடு பழசாவதில்லை, கவனிப்பாரில்லாமல்தான் போகிறது. இதை நான் வெறும் பாசத்தால் சொல்லவில்லை. அறுநூறு வருஷமாக நிற்கிற சாட்சி ஒன்று இருக்கிறது.

பிரான்சின் கிழக்கு எல்லையில் அல்சாஸ் என்கிற பகுதி, அதன் தலைநகரம் ஸ்த்ராஸ்பூர். பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்றாக நினைவிருக்கும். பூகோள வகுப்பில் அல்சாஸ் என்றால் ஒரே படம்தான்: கூரை மேல் நாரைக் கூடு, கீழே வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போன வீடு. அந்த மாதிரி வீட்டுக்கு அங்கே 'கொலொம்பாழ்' என்று பெயர். இங்கே உப்புக்காற்றில் வளர்ந்த எங்களுக்கு, அந்தச் சட்டங்கள் அழகுக்காகத் தீட்டிய கோடுகள் என்றுதான் தோன்றும். வாத்தியாரும் அதற்குமேல் சொன்னதில்லை.

மகள் அங்கே குடியேறிய பிறகு இரண்டு முறை போய்வந்தேன். ஊரின் நடுவில் செந்நிற மணற்கல்லால் கட்டிய பெரிய கதீட்ரல். ரூ மெர்சியேர் என்கிற கடைத்தெரு அதன் வாசலுக்கு நேராக வந்து முடிகிறது. அந்தக் கதீட்ரல் சதுக்கத்தில் நிற்பதுதான் காமர்ஸெல் வீடு. கதீட்ரலைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

கீழ்த்தளம் முழுவதும் கல். அதன்மேல் மூன்று தளங்கள் மரம். அவற்றுக்கும் மேலே செங்குத்தான கூரைக்குள் அடுக்கடுக்காகப் பரண். ஜன்னல்கள் மட்டும் 75. ஒவ்வொன்றிலும் பாட்டிலின் அடிப்பாகம் போல வட்ட வட்டமான கண்ணாடிச் சில்லுகளை ஈயத்தில் கோர்த்திருக்கிறார்கள். ஜன்னல்களுக்கு இடைப்பட்ட மரமெல்லாம் சிற்பம்: பன்னிரண்டு ராசிகள், ஐம்புலன்கள், மனிதனின் பருவங்கள், பழங்கால வீரர்கள். நம் தேர்த்தட்டில் சிற்பம் செதுக்குகிற மாதிரி, ஒரு வியாபாரியின் வீட்டு முகப்பில் செதுக்கியிருக்கிறார்கள்.

இதன் கதையில்தான் எனக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. வீடு முதலில் எழுந்தது 1427-இல். 1467-இல் மாற்றிக் கட்டப்பட்டது. இன்று நாம் பார்க்கிற மரத் தளங்கள் 1589-ஆம் வருஷத்து வேலை. அதைச் செய்வித்தவர் மார்ட்டின் பிரவுன் என்கிற பாலாடைக்கட்டி வியாபாரி. அவர் கீழே இருந்த கல் தளத்தை இடிக்கவில்லை. அதை அப்படியே பீடமாக வைத்துக்கொண்டு மேலே தன் காலத்து மரவேலையை ஏற்றினார். வீட்டுக்கு இப்போதுள்ள பெயர் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த காமர்ஸெல் என்கிற மளிகைக்காரருடையது. கட்டியவர் பெயர் இல்லை, செதுக்கியவர் பெயரும் இல்லை, குடியிருந்து கடை நடத்திய ஒரு மளிகைக்காரரின் பெயர். பிறகு கதீட்ரலைப் பராமரிக்கிற அறநிறுவனம் அதை வாங்கியது. 1929-இல் அரசு அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. இன்று அது உணவகமும் விடுதியும்.

ஆக, அந்த வீடு ஒருநாளும் பொம்மையாக நின்றதில்லை. எப்போதும் யாரோ அதற்குள் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை மாற்றினார்கள், வேண்டாததைத் தொடவில்லை. ஊரோ 1681-இல் பிரான்சிடம், 1871-இல் ஜெர்மனியிடம், 1918-இல் மறுபடி பிரான்சிடம், 1940-இல் மறுபடி ஜெர்மனியிடம், 1944-இல் மறுபடி பிரான்சிடம் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. 1954-இல் ஒரு கொடி இறங்கி இன்னொன்று ஏறியதைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். நமக்கு அது புரியும். கொடி மாறியபோதெல்லாம் வீடு மாறவில்லை.

எப்படி இத்தனை காலம் நின்றது என்பதற்கு விடை, மரத்தை இணைத்திருக்கும் முறையில் இருக்கிறது. இது காமர்ஸெல் வீட்டுக்கு மட்டுமல்ல, அல்சாஸின் மர வீடுகள் எல்லாவற்றுக்கும் பொது. பெரும்பாலும் ஓக் மரம். காயும்வரை காத்திருக்காமல் பச்சையாகவே அறுத்து இழைத்துவிடுவார்கள். காய்ந்தபின் ஓக் இரும்பு மாதிரி ஆகிவிடும், உளி இறங்காது. ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றில் அதற்கேற்ற நாக்கு. நாக்கைத் துளைக்குள் செலுத்தி, குறுக்கே மர முளை அடித்து இறுக்குவார்கள். இரும்பு ஆணிக்கு வேலை குறைவு. மரம் காயக் காயப் பிடிப்பு இறுகுமே தவிரத் தளராது. சட்டங்களுக்கு நடுவே உள்ள கட்டத்தில் மரக்குச்சிகளைச் செருகி, களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். நம் கிராமத்து மண்சுவர்தான். சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. பாரம் முழுவதும் மரத்தின்மேல். சுவர் வெறும் திரை.

கீழே கல் வைப்பதற்கும் காரணம் உண்டு. மரத்துக்குப் பகை தரையின் ஈரம். கால் நனையாவிட்டால் அது நூறு வருஷம் நிற்கும். மேல் தளங்கள் கீழ்த் தளத்தைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் மேலே இடமும் கிடைக்கிறது, கீழே உள்ள மரத்தில் மழையும் விழுவதில்லை. நம் வீட்டுத் தாழ்வாரம் என்ன செய்கிறதோ அதையேதான் அதுவும் செய்கிறது.

இன்னொன்று. சட்டங்களை முதலில் தச்சர் தன் களத்தில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார். ஒவ்வொரு மூட்டிலும் உளியால் ஓர் அடையாள எண் வெட்டுவார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் எண்ணைப் பார்த்து நிறுத்துவார். கழற்றிக் கொண்டுவந்ததை மறுபடியும் கழற்றலாம் இல்லையா? அதனால் பழைய அல்சாஸ் வழக்கத்தில் மர வீடு அசையும் சொத்து. மனை ஒருவருடையது, வீடு இன்னொருவருடையது என்றுகூட இருக்கலாம். மனையை விட்டுப் போகிறவர் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

இதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். பத்திரங்களுக்கு நடுவே முப்பத்து மூன்று வருஷம் குமாஸ்தாவாக உட்கார்ந்தவன் நான். அசையும் சொத்து என்றால் பாத்திரம், கட்டில், நகை, மாடு. வீடு அசையாச் சொத்து. பிரெஞ்சு சிவில் சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது, நம் சட்டமும் அப்படித்தான். அந்தச் சட்டம் பிறந்த நாட்டிலேயே ஒரு காலத்தில் வீட்டைக் கட்டில் மாதிரி கழற்றிக்கொண்டு போனார்கள் என்றால்!

அதைக் கண்ணாலும் பார்க்கலாம். மியூலூஸ் ஊருக்குப் பக்கத்தில் உங்கர்ஸ்ஹைம் என்கிற இடத்தில் 1984-இல் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் திறந்தார்கள். அல்சாஸ் கிராமங்களில் இடிக்கப்பட இருந்த மர வீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, சட்டங்களுக்கு எண் போட்டு, அங்கே கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். எழுபதுக்கு மேற்பட்ட கட்டடங்கள், ஒரு முழுக் கிராமம். அங்கே ஒரு தூணின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டடி உயரத்துக்குப் புது மரம், அதற்குமேல் பழைய மரம். இரண்டையும் சாய்வாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து முளை அடித்திருக்கிறார்கள். கால் உளுத்தது, காலை மட்டும் மாற்றினார்கள். வீட்டை யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

நம் வீடுகள் அந்த மாதிரி மரச்சட்ட வீடுகள் அல்ல, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம்முடையவற்றில் பாரம் தாங்குவது செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. ஆனால் தெருத் தாழ்வாரத்தையும் முற்றத்தைச் சுற்றிய கூடத்தையும் தாங்குவது மரத்தூண். மெட்ராஸ் டெரஸ் என்று நாம் சொல்கிற தளத்தைத் தாங்குவதும் மர உத்திரம்தான். உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சாய்வாக வரிசை கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். வசதிப்பட்டவர்கள் பர்மா தேக்கு போட்டார்கள். பூட்டுகிற கணக்கு, கழற்றுகிற கணக்கு, காலை மட்டும் மாற்றுகிற கணக்கு எல்லாம் அல்சாஸ் தச்சருக்கும் நம் ஆசாரிக்கும் ஒன்றுதான்.

பெரிய மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். 1738-ஐ ஒட்டிக் கட்டியது. கீழே நம் முறைப்படி முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு முறைப்படி காரைத் தூண்கள். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்களே, அதற்கும் முந்தைய வீடு. துய்ப்ளேக்சின் துபாஷி நடந்த கூடத்தில் அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. மரம் நிலைக்காது என்று சொல்கிறவர்களை ஒருமுறை அங்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்.

தெரு முழுவதையும் காப்பாற்ற முடியும் என்பதற்கும் உள்ளூரிலேயே சாட்சி உண்டு. கால்வே சுப்பராய செட்டியார் தெரு, நாம் வைசியாள் தெரு என்கிறோமே, அதில் தாழ்வாரமும் திண்ணையும் தூணுமாகப் பல வீடுகளின் முகப்பை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு சீர்செய்தார்கள். இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நேவ் சுர் லோ நகரமும் அதில் கூட்டாளிகள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதுகளில் ஒன்று அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. ஒரு தெருவுக்கு முடிந்தது மற்ற தெருக்களுக்கு ஏன் முடியவில்லை?

எதிர்வாதம் எனக்குத் தெரியாததல்ல. என் சித்தப்பா மகனே என்னிடம் கேட்டான்: "அண்ணே, நீங்க பேசறது நல்லாத்தான் இருக்கு. ஆறு பங்காளி. ரெண்டு பேரு பாரீஸ், ஒருத்தி ரெயூனியோன், ஒருத்தன் மெட்ராஸ். யாரு ஏறி ஓடு மாத்தறது, யாரு ஆசாரிக்குக் காசு குடுக்கறது?" நியாயமான கேள்வி. நம் ஊரில் பாதிப் பழைய வீடுகளின் வியாதி கறையான் இல்லை, பாகப்பிரிவினை. பட்டாளத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள் கடல் தாண்டி வாழ்கிறார்கள். வீட்டுக்குப் பூட்டு. பூட்டின வீட்டில் மழைக்குழாய் அடைக்கிறது, மொட்டை மாடியில் அரசங்கன்று முளைக்கிறது. வேர் வழியாகத் தண்ணீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கிற உத்திரத்தின் தலைப்பை நனைக்கிறது. ஐந்து மழைக்காலம் போதும்.

அந்த வீட்டுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரை நான் கூட்டிப்போனேன். எழுபது வயதுக்காரர், ஏணியில் அவரே ஏறினார். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு உத்திரமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல மரம் கணீரென்று பேசும், கெட்ட மரம் பொதுக்கென்று சொல்லும். கீழே இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "ஐயா, பதினாலு உத்திரத்துல மூணுக்குத்தான் தலைப்பு போயிருக்கு. நடுமரம் கல்லு மாதிரி இருக்கு. மூணுக்கும் தலைப்பு வெட்டி ஒட்டுப் போட்டுடலாம். தண்ணிய மட்டும் நிறுத்துங்க." அதற்கு முன் வந்த ஒப்பந்தக்காரர் மொத்தத் தளத்தையும் இடிக்கச் சொல்லியிருந்தார். இருவரும் பார்த்தது ஒரே வீட்டைத்தான்.

செலவு ஆகும், மறுக்கவில்லை. நல்ல தேக்கின் விலை கேட்டால் மயக்கம் வரும். ஆனால் இடித்துக் கட்டுவது இலவசமா? கடற்கரை ஊரில் காங்கிரீட்டின் ஆயுளையும் கணக்கில் சேருங்கள். உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது, துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கிறது, கூரை பொடிப்பொடியாக விழுகிறது. நான் குடியிருக்கிற அடுக்குமாடிக்கு முப்பது வயதுதான் ஆகிறது. குளியலறைக் கூரையில் கம்பி எட்டிப் பார்க்கிறது. மரத்தில் கெட்டது கண்ணுக்குத் தெரியும், தட்டினால் சொல்லும், அந்த இடத்தை மட்டும் மாற்றலாம். காங்கிரீட்டில் கெட்டது வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

அலட்சியத்தின் விலையையும் இந்த ஊர் பார்த்துவிட்டது. 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் நம் மேரி கட்டடம் சரிந்து விழுந்ததே, யார் மறப்பார்கள்? நம்மில் எத்தனை பேரின் பிறப்பும் கல்யாணமும் பதிவான இடம்! பிறகு அதே சாயலில் கட்டினார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் முன்பே ஒரு கூரையைச் சரிசெய்யும் செலவு, ஒரு கட்டடத்தையே கட்டும் செலவாக ஆனது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நாம் "மரம் போயிடுச்சு" என்று இடித்த வீட்டின் தூண்களை வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார். கடைசியில் அவை ஏதோ ஒரு விடுதியின் வரவேற்பறையில், ஏதோ ஓர் ஊர்ப் பணக்காரரின் கூடத்தில் மெருகு ஏறி நிற்கின்றன. உளுத்த மரத்தை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? நம் வீடும் அசையும் சொத்துதான் என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது. அல்சாஸ்காரர்கள் மறுபடி பூட்டுவதற்காகக் கழற்றினார்கள். நாம் விற்பதற்காகக் கழற்றுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பழைய வீட்டைப் பழுதுபார்ப்பவருக்கு வீட்டுவரியில் சலுகை தந்தாலே பாதிப்பேர் யோசிப்பார்கள். இளைய தச்சர்களுக்கு இந்த வேலையைக் கற்றுத்தர ஓர் ஏற்பாடு வேண்டும். ஏணியில் ஏறிய அந்த ஆசாரிக்குப் பின்னால் அவர் பிள்ளை வரவில்லை, அவன் அலுமினியக் கதவு போடுகிறான். ஆனால் அரசாங்கம் வரும்வரை காத்திருந்த வீடுகளின் கதி நமக்குத் தெரியும்.

அதனால் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களிடமே கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில் பூட்டிக் கிடக்கும் தூண் வைத்த வீடு இருந்தால், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒருமுறை திறந்து பாருங்கள். மொட்டை மாடியில் முளைத்த செடியை வேரோடு எடுத்து, மழைக்குழாயைச் சுத்தம் செய்யுங்கள். பூச்சு உதிர்ந்த சுவரில் சிமெண்ட் அப்பாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தேடிப் போகும். சுண்ணாம்பே பூசுங்கள். பங்காளிகள் ஒன்றுசேர முடியாவிட்டால், வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையாவது ஆளுக்குப் போட்டு வையுங்கள். முன்கட்டைக் கடைக்கோ, டியூஷன் நடத்துகிற பிள்ளைக்கோ வாடகைக்கு விடுங்கள். ஆள் நடமாடுகிற வீட்டில் ஒழுகல் முதல் நாளே தெரிந்துவிடும். அந்த மளிகைக்காரர் தன் வீட்டுக்குச் செய்ததும் அவ்வளவுதானே.

இடிப்பது என்றே முடிவுசெய்துவிட்டால், அதற்கு முன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒப்பந்தக்காரரைத் தவிர்த்துவிட்டு வயசான ஓர் ஆசாரியைக் கூட்டிப்போங்கள். அவர் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சித்தப்பா மகன் வரும் தை மாதம் வரைக்கும் எனக்குத் தவணை கொடுத்திருக்கிறான். பாரீசுக்கும் ரெயூனியோனுக்கும் நான் கடிதம் எழுதிவிட்டேன், பிரெஞ்சில். மூன்று உத்திரத்தின் தலைப்புக்கு ஆளுக்கு எவ்வளவு வரும் என்று கணக்கும் போட்டு அனுப்பியிருக்கிறேன். குமாஸ்தா வேலை கற்றது இதற்காவது உதவட்டும்.